பச்சைக்கு ஒற்றை முடிச்சு

விழுப்புரம்
22-8-1937

அம்மணிக்கு,

கடிதத்தின் தலையில் சாமி பெயர் போடவில்லை. கோபத்தோடு எழுதுகிறதற்கு அவரை எதற்குச் சாட்சிக்கு இழுப்பது என்று விட்டுவிட்டேன்.

நீ போய்ப் பதினெட்டு நாள். புருஷனை விட்டுப் போகிறவள் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போவாள். நீ அடுப்பு மெழுகி, கேப்பைக் கூழ் கரைத்து மூடி வைத்து, “அம்மா வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன் மாமா” என்றாய். எஞ்சினில் பன்னிரண்டு மணி நேரம் கரி தள்ளிவிட்டு வந்தவன், போகட்டும் இரண்டு நாள்தானே என்று கூழைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். அப்புறம் பக்கத்து வீட்டு கெங்கம்மாள் வந்து, “உம் பொண்டாட்டி திண்டிவனத்துல கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல மறுபடி தையல் டீச்சரா சேந்துக்கினாளாமே” என்று எனக்கே சேதி சொல்கிறாள். அவள் புருஷன் நடராசன் என்னோடு ஒரே ஷெட்டில் வேலை செய்கிறவன். இனி ஷெட்டு முழுக்கத் தெரிந்த மாதிரிதான்.

எதற்குப் போனாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்றோமே, அந்தச் சாயங்காலம். தூரத்து விளக்கைக் காட்டி “அது என்னா கலரு மாமா?” என்றாய். பச்சை என்றேன். நீ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டாய். சிவப்பாக இருந்திருக்கும் போல. இருக்கட்டுமே! பகலில் கைகாட்டி மரத்தின் கை நீட்டியிருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், கலரே வேண்டாம். இருட்டினால் டிரைவர் முதலில் சிக்னலைச் சத்தமாகச் சொல்வார், பயர்மேன் நான் அதையே திருப்பிச் சொல்வேன். அதுதான் சட்டம். நாலு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது. ஒரு கோழி செத்ததில்லை.

தனியாகப் படுத்துக்கொண்டு ஒன்று யோசித்தேன். ஆண்டவர் உலகத்தைப் படைத்தபோது கண் என்கிற ஒன்றை மட்டும் மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள். மனுஷனுக்கு மட்டும் இல்லை. மாடு, காக்கை, எறும்பு, ஏரிக் கெண்டை வரைக்கும் ஒரு ஜீவனுக்கும் பார்வை கிடையாது. அங்கே சிவப்பு ஏது, பச்சை ஏது? கெடாரில் பண்ணையார் மிளகாய்க் கொல்லையில் பழத்தோடு காயையும் சேர்த்துப் பறித்துவிட்டேன் என்று ஒன்பது வயதில் முதுகில் வாங்கினேனே, அந்த அடியும் இல்லை. அந்த உலகத்தில் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. அங்கே நான் ராஜா.

நீ எப்போது வருகிறாய் என்று எழுது.

சவுரிராயன்


திண்டிவனம்
29-8-1937

மாமாவுக்கு,

நான் சாமி பெயர் எழுதித்தான் ஆரம்பித்தேன். நான் செய்த காரியத்துக்கு மேலே அதை எழுத யோக்கியதை உண்டா என்று கை நின்றுவிட்டது. இது வேறு தாள்.

நீங்கள் எல்லாம் எழுதினீர்கள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை உங்களுக்கு வராது மாமா. அதை நான் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு மூச்சு விட முடியும்.

ஆனி மாதம் ரயில்வே ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மாரியப்பன் ஒரு பெட்டி கொண்டுவந்தார். பழைய டாக்டர் எழுத்தை வாசிக்கச் சொன்னதோடு விட்டுவிடுவார். புதிதாக வந்தவர் கம்பளி நூலை வைத்துக் கலர் பரீட்சை செய்கிறவர். ஒரு நூல் சிட்டத்தை மேஜைமேல் வைப்பார். அந்தக் கலர் சேர்ந்ததையெல்லாம் குவியலிலிருந்து பொறுக்கி வைக்க வேண்டும். தேறினால்தான் டிரைவர். பெட்டியில் இருந்தவை பூச்சி அரித்து அவிழ்ந்து கிடந்தன. “தையல் டீச்சரம்மா, கொஞ்சம் சுத்திக் குடுங்க” என்று வைத்துவிட்டுப் போனார்.

நீங்கள் என் எதிரே உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல், அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை. நான்தான் செய்தேன். பச்சைச் சிட்டம் ஒவ்வொன்றுக்கும் நுனியில் ஒற்றை முடிச்சு, சிவப்புக்கு இரட்டை. கடுகளவு. மூன்று நாள் உங்கள் விரலைப் பிடித்துப் பழக்கினேன். ஆடியில் தேறினீர்கள். நான் பாயசம் வைத்தேன்.

அன்றைக்கு நான் உங்களை மட்டும்தான் நினைத்தேன். மேம்பாலத்தில் நீங்கள் பச்சை என்று சொன்னபோது கீழே ஒரு பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் ஒருத்தி குழந்தைக்கு முறுக்கை ஒடித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மாசி பிறந்தால் நீங்கள் டிரைவர். முதலில் சொல்ல வேண்டியவர் நீங்கள். யார் சொல்வதைத் திருப்பிச் சொல்வீர்கள்?

டாக்டரிடம் நீங்களே போய் உண்மையைச் சொல்லுங்கள். சொன்ன அன்று அடுத்த வண்டியில் வருகிறேன்.

உங்கள் உலகத்தில் ரயில் உண்டா? உண்டென்றால் எப்படி ஓடும்? கேலி செய்யவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அம்மணி


விழுப்புரம்
14-9-1937

அம்மணிக்கு,

ரயில் இல்லாமல் எப்படி? கேள். பனிக்காலத்தில் கைகாட்டி தெரியாத இடத்தில் தண்டவாளத்தில் வெடி கட்டி வைப்பார்களே, சக்கரம் ஏறினதும் ‘டம்’ என்று கேட்கும், டிரைவர் வேகத்தைக் குறைப்பார். அதை நிரந்தரமாக வைத்துவிட வேண்டியதுதான். போகலாம் என்றால் மணி, நில் என்றால் சங்கு. மைலுக்கு ஒரு ஆள். ஸ்டேஷன் வந்ததா என்று மூக்கு சொல்லிவிடும். கடலைச் செக்கின் மல்லாட்டைப் பிண்ணாக்கு வாசனை அடித்தால் திண்டிவனம், இறங்கு. கரியும் ஈர வைக்கோலும் கலந்து வந்தால் விழுப்புரம்.

பெண் பார்க்கிற பேச்சே இல்லை. பெண் கேட்கிறதுதான். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். நிறம் மட்டம் என்று உன்னை இரண்டு இடத்தில் வேண்டாம் என்றார்களே, அங்கே உன் குரலுக்குக் காணையிலிருந்து கெடார் வரைக்கும் மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். எனக்குக் கிடைத்திருக்க மாட்டாய். அது ஒன்றுதான் அந்த உலகத்தில் எனக்கு நஷ்டம்.

இன்னொன்று. ஊர்த்தெரு எது, சேரி எது என்று அங்கே எவன் கண்டான்?

டாக்டரிடம் போய்ச் சொல் என்கிறாய். சுலபமாக எழுதிவிட்டாய். எங்கப்பன் அந்தப் பண்ணையில் குனிந்த முதுகு நிமிராமல் செத்தான். மாம்பழப்பட்டு லெவல் கேட்டில் போன மாதம் பண்ணையார் வில்வண்டி நின்றது. கேட்டு மூடியிருக்கிறது, நம் வண்டி போக வேண்டும். அவர் கீழே, நான் மேலே. நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்திருக்கும். நான் கரி தள்ளுகிறவன்தான், ஆனாலும் அவர் நின்றார், நான் போனேன். நானே ஓட்டிக்கொண்டு போகிற அன்றைக்கு அவர் அங்கே நிற்க வேண்டும். அதற்கு மேல் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்க மாட்டேன்.

பேஜாரு பண்ணாமல் வந்து சேர்.

சவுரிராயன்


திண்டிவனம்
3-10-1937

மாமாவுக்கு,

பெண் கேட்கிற இடத்தைப் படித்துச் சிரித்தேன். அம்மா வந்து “என்னா சேதி?” என்று கேட்டாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

சேரி தெரியாது என்று எழுதினதற்குச் சிரிப்பு வரவில்லை. கண் இல்லாவிட்டால் என்ன, காது இருக்கிறதே. நாம் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினாலே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். அதுவும் இல்லாவிட்டால் பெயரைக் கேட்பார்கள், அப்பன் பெயரைக் கேட்பார்கள். தொடாமல் நடக்க நம்மை ஒரு மணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னாலும் சொல்வார்கள். அந்த உலகத்தை அவ்வளவு லேசாக நம்பாதீர்கள்.

ஒரு ஜீவனுக்கும் கண் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். கத்தரித்த துணியை வைத்துவிட்டு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி, காக்கா அப்பளத்தைத் தூக்காது என்றாள். இன்னொருத்தி, தூக்கும், வாசனைக்கு வந்துவிடும் என்றாள். மல்லாட்டைக் கொல்லையில் களவாடலாம் என்றாள் ஒருத்தி, ஓடு உடைக்கிற சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மற்றவர்கள் கத்தினார்கள். கோழிக்குஞ்சு பருந்துக்கு எப்படித் தப்பும் என்று நான் கேட்டேன். “பருந்துக்கும் கண்ணு இல்லன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க!” என்று என்னை மடக்கினார்கள்.

வெள்ளையம்மாள் என்று ஒரு பெண், அதிகம் பேசாதவள். அவள் சொன்னாள்: “அங்க எல்லாரும் கத்திக்கினேதான் நடக்கணும் டீச்சர். நான் இங்க வர்றேன், நான் இங்க நிக்கறேன்னு. சும்மா நிக்கறவன் மேல முட்டிக்கினு விழுந்துடுவாங்க.”

அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அவள் சொன்னதுதான் சரி. பார்வை இல்லாத உலகத்தில் ஒருத்தர் வாய்வார்த்தைதான் மற்றவருக்குக் கண். அங்கே வாயை மூடிக்கொண்டு நிற்கிறவன் அடுத்தவனைக் கிணற்றில் தள்ளுகிறவன். நீங்கள் அங்கே ராஜா இல்லை மாமா. உங்களை இரண்டு நாள் வைத்திருக்க மாட்டார்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன். கிழிக்க மனம் வரவில்லை. உங்கள் மேல் ஆசை இல்லாமல் எழுதவில்லை.

அம்மணி


விழுப்புரம்
21-11-1937

அம்மணிக்கு,

ஒன்றரை மாதம் நான் எழுதவில்லை என்று உனக்குத் தெரிந்ததா என்றே தெரியவில்லை. கிணற்றில் தள்ளுகிறவன் என்று பெண்டாட்டி எழுதிவிட்டாள். அதற்கு என்ன பதில் எழுதுவது?

ஒரு சேதி. நடராசனும் ஆடிப் பரீட்சையில் தேறினான் அல்லவா? என்னைவிட மூத்தவன், அடுத்த மாதம் முதல் டிரைவர். நேற்று ஷெட்டில் கை கழுவும்போது என் காதோடு சொல்கிறான்: “நூலு நுனியில முடிச்சு இருந்துச்சுடா சவுரி. ஒண்ணு ஒரு சாதி, ரெண்டு ஒரு சாதின்னு பிரிச்சு வெச்சேன். டாக்டரு சபாஷ்னாரு. கண்ணு என்னாத்துக்கு? வெரலு போதும்.” எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு. யார் போட்ட முடிச்சு என்று நான் சொல்லவில்லை.

பார்த்தாயா, நீ பாவம் பாவம் என்கிறாய், உன் கை இரண்டு குடும்பத்தைத் தூக்கிவிட்டிருக்கிறது. கெங்கம்மாள் தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள். உன் பங்கு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

சவுரிராயன்


திண்டிவனம்
25-11-1937

மாமா,

இதைச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். நான் படித்துவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் ஒருவருக்கென்று போட்ட முடிச்சு. அந்தப் பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இன்னும் யார் யார் விரலில் அது அகப்பட்டதோ. முகம் தெரியாத எத்தனை பேரை நான் எஞ்சினில் ஏற்றிவிட்டேனோ.

டாக்டருக்கு எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். உங்கள் வேலை போகும், என் வேலையும் போகும், நடராசன் வீட்டில் நாலு பிள்ளைகள். உங்களை வாய்மூடி என்று சொன்னவளும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

நீங்கள் முந்திக்கொள்ளுங்கள் மாமா. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மணி


விழுப்புரம்
18-1-1938

அம்மணி,

கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. நீ டாக்டருக்கு எழுதவில்லை என்றும் தெரிகிறது. எழுதியிருந்தால் இன்று காலை நான் எஞ்சினில் ஏறியிருக்க மாட்டேன். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

விடிகாலைச் சரக்கு வண்டி, திண்டிவனம் வழியாகப் போகிறது. போர்டில் பார்த்தால் டிரைவர் நடராசன், பயர்மேன் சவுரிராயன். இத்தனை நாள் வேறு வேறு வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். எதற்கு என்று யாராவது துருவுவார்களோ என்று ஏறிவிட்டேன்.

விக்கிரவாண்டி வரைக்கும் ஒன்றும் இல்லை. அதற்கு அப்புறம் பனி. அப்படி ஒரு பனியை நான் கண்டதில்லை. ஒரு சின்ன ஸ்டேஷன், பெயர் எதற்கு, அதற்கு வெளியே கைகாட்டி. மரமும் தெரியவில்லை, கையும் தெரியவில்லை. அந்தரத்தில் விளக்கு மட்டும். எனக்கு அது வைக்கோல் நிறம். எந்த விளக்கும் எனக்கு வைக்கோல் நிறம்தான்.

டிரைவர் முதலில் சொல்ல வேண்டும். நடராசன் சொல்லவில்லை. நான் கரி தள்ளுகிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

“சவுரி, சிக்னல் பாத்தியா?” என்றான்.

“நீ சொல்லுண்ணே.”

“பொகை மறைக்குதுடா. நீ சொல்லு.”

“எனக்கும் மறைக்குதுண்ணே. நீயே சொல்லு.”

புகையே இல்லை, அம்மணி. விளக்கு எங்கள் இரண்டு பேர் மூஞ்சிக்கும் நேராக எரிந்துகொண்டிருந்தது. அவனுக்கும் முடிச்சு இல்லாமல் கலர் தெரியாது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று அவனுக்குத் தெரியாது. அவன் என் வாயைப் பார்க்கிறான், நான் அவன் வாயைப் பார்க்கிறேன். பின்னால் கரிப்பெட்டி டெண்டரில் கரி உடைக்கிறவன் பாட்டுக்கு உடைத்துக்கொண்டிருக்கிறான். வண்டி போய்க்கொண்டே இருக்கிறது.

ஒரு ஜீவனுக்கும் கண் இல்லாத உலகம் என்று எழுதினேனே. அது அந்த எஞ்சினுக்குள் வந்துவிட்டது. பின்னால் முப்பது வாகன், முன்னால் என்ன இருக்கிறதோ தெரியாது, நடுவில் இரண்டு குருடன்கள் வாயை மூடிக்கொண்டு. சாவுக்குப் பயப்படவில்லை என்று எழுதினால் பொய். பயந்தேன். இதே வண்டியை நான் ஓட்டி, பக்கத்தில் நிற்கிறவன் என்னை நம்பி நின்றால் என்ன ஆகும் என்றும் அப்போதுதான் பட்டது. நீ ஐந்து மாதமாக எதைச் சொல்கிறாய் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

“அண்ணே, நிறுத்து” என்றேன்.

“ஏன்டா, ரெட்டா?”

“தெரியல. எனக்கு எப்பவுமே தெரியாதுண்ணே. ஜல்தி நிறுத்து.”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நீராவியை அடைத்துப் பிரேக்கைப் போட்டான். வண்டி நின்ற பிறகு, கைப்பிடியை விடாமல், “எனக்கும்தாண்டா” என்றான்.

கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு முருகையன் விளக்கோடு ஓடி வந்தார். “என்னாய்யா, பச்சை காட்டிக்கினு நிக்குது, வண்டிய நடுவுல போட்டுக்கினு என்னா பண்றீங்க? கண்ணு இல்ல உங்களுக்கு?”

“இல்லீங்க” என்றேன்.

வாய்க்கொழுப்பு என்று நினைத்து அடிக்கக் கையை ஓங்கினார். மறுபடி சொன்னேன். “நெசமா இல்லீங்க. எனக்கு சிவப்பு பச்சை தெரியாதுங்க.” நடராசன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “எனக்கும் இல்லீங்க” என்றான். முருகையன் ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பச்சைதான். தாண்டிப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வேறு ஆட்கள் வந்து வண்டியை எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. நானும் நடராசனும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம்.

சனிக்கிழமை டாக்டர் கூப்பிட்டிருக்கிறார். முடிச்சுகளை நானே போட்டேன் என்று சொல்லப்போகிறேன். நீ வாயைத் திறக்காதே. ஒருத்தர் வேலையாவது மிஞ்சட்டும். மாம்பழப்பட்டு கேட்டை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். உன்னிடம் மறைப்பானேன்.

சவுரிராயன்


திண்டிவனம்
20-1-1938

மாமாவுக்கு,

செவ்வாய்க்கிழமை அந்தச் சரக்கு வண்டி நேரத்துக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கு நான் எழுதாத ஒன்று உண்டு. இங்கே வந்த நாளிலிருந்து எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு, அது ஊரைத் தாண்டுகிற வரைக்கும் நிற்பேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே பழகிவிட்டது. ஊதல் கேட்டால் அவர்களாகவே ஊசியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை அடுப்பு ஊத உட்கார்ந்தவள், வண்டி வரும் வரும் என்று ஊதாங்குழலைப் பிடித்தபடியே இருந்தேன். “பித்து கித்து புடிச்சிருக்குதாடி?” என்று அம்மா திட்டினாள். வண்டியில் போகிற ஜனங்களைத்தான் நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. உங்களைத்தான் நினைத்தேன். மயிர் கருகிப்போன உங்கள் முன்கையைத்தான் நினைத்தேன்.

நீங்கள் ‘இல்லீங்க’ என்று சொன்னதைப் படித்து அழுதுவிட்டேன். இவ்வளவு நாளில் நான் உங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டது நேற்றுதான்.

முடிச்சை நீங்கள் போட்டதாகச் சொல்ல வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகளின் தலைவி மதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “பரீட்சை வரைக்கும் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடு அம்மணி. அதற்கப்புறம் வேண்டாம்” என்றார். சரி என்றேன். அங்கிருந்து நேராகப் போஸ்டாபீஸ். டாக்டருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். அந்தப் பெட்டியைக் கொளுத்துங்கள், அதை வைத்துத் தேறின எல்லோரையும் மறுபடி பாருங்கள், கட்டினவள் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை கிழிக்கவில்லை.

அம்மணி


விழுப்புரம்
11-4-1938

அம்மணிக்கு,

இரண்டரை மாதமாக ஒரு வரி, இரண்டு வரி என்று தபால் கார்டுதான் போட்டேன். முடிவு தெரியாமல் என்ன எழுதுவது? இன்று உத்தரவு வந்துவிட்டது.

டாக்டர் அறையில் நடந்ததை நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நீ சொல்லியும் கேட்காமல், முடிச்சு நான் போட்டேன் என்றுதான் சொன்னேன். அவர் ஒரு கம்பளி நூலைக் கொடுத்து, போட்டுக் காட்டு என்றார். என் விரலுக்கு அந்த நுனியே பிடிபடவில்லை. வேர்த்துக் கொட்டியது. அவர் மேஜையைத் திறந்து உன் கடிதத்தை எடுத்து வைத்தார். “நான் இல்லை என்கிறவர்களைத்தான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். நான்தான் என்று புருஷனும் பெண்டாட்டியும் போட்டி போட்டு இப்போதுதான் பார்க்கிறேன்” என்றார். சிரிக்கவில்லை. கோபமாகத்தான் சொன்னார்.

பதினோரு பேரை மறுபடி பார்த்தார்கள். எங்கள் இரண்டு பேரைத் தவிர இன்னும் ஒருவன் அகப்பட்டான். பாசஞ்சர் ஓட்டிக்கொண்டிருந்தானாம். இதைக் கேட்டு ராத்திரி முழுக்க ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன்.

நடராசன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணுகிறான். அவன் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறான். கெங்கம்மாள் நம் வாசலைத் தாண்டும்போது காறித் துப்புகிறாள். நீ வந்தாலும் துப்புவாள். தயாராக வா. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எஞ்சினில் நான் இனி ஏற முடியாது. ஆயுசுக்கும். பண்ணையாரும் கேள்விப்பட்டிருப்பார். கேட்கட்டும்.

போன மாதமே என்னைச் சக்கரம் தட்டுகிற வேலையில் போட்டார்கள், இன்றைய உத்தரவில் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். நீளக் காம்பு சுத்தியல் ஒன்று. வண்டி கிளம்புவதற்கு முன்னால் ஓரமாக நடந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தட்ட வேண்டும். நல்ல சக்கரம் மணி மாதிரி இழுத்துச் சொல்லும். விரிசல் விட்டது சட்டியைத் தட்டின மாதிரி ‘டொக்’ என்று நின்றுவிடும். முதல் நாள் குனிந்து தட்டும்போது, எங்கப்பன் மாதிரியே குனிகிறேன் என்று பட்டது. ஐந்தாம் நாள் ஒரு சக்கரம் ‘டொக்’ என்றது. மேஸ்திரி சின்னதுரை விளக்கைப் பிடித்துப் பார்த்து, “ஒண்ணும் இல்லியே, போவட்டும் வுடு” என்றார். “போவக் கூடாதுங்க” என்றேன். மறுபடி தட்டினேன். பெட்டியைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிப் பார்த்தால் மயிரிழை அளவுக்கு விரிசல். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உனுக்கு என்னாய்யா காது இது?” என்றார்.

சம்பளம் குறைவு. வீடும் சின்னதாகப் போய்விட்டது, ஒரே அறை. உனக்கும் வேலை இல்லை. எல்லாம் தெரிந்துதான் கூப்பிடுகிறேன்.

வருகிற ஞாயிறு பாஸ்குத் திருநாள். சனிக்கிழமையோடு உனக்குப் பள்ளிக்கூடம் முடிகிறது. அன்று சாயங்காலம் திண்டிவனத்துக்கு வருகிற பாசஞ்சர், காலையில் இங்கிருந்து செங்கல்பட்டு போய்த் திரும்புகிற வண்டிதான். ஏழு பெட்டி. அதை நான்தான் தட்டி அனுப்புவேன். ஒரு சக்கரத்தில் சந்தேகம் என்றாலும் போக விட மாட்டேன், எவன் வந்து கத்தினாலும் சரி. இது ஒன்றில் என் வார்த்தையை நீ நம்பலாம்.

எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் ஏறி வா.

சவுரிராயன்